வன்னியிலிருந்து ரிசோர்ட் கடை வேலைக்கு: விளம்பரம் பார்த்த நாளிலிருந்து முதல் சம்பளச் சீட்டு வரை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாப் பக்கத்தில் ஓ.எல். அல்லது ஏ.எல். முடித்துவிட்டு, ஹபரணை, சீகிரியா, தம்புள்ளை, நிலாவெளி, பாசிக்குடா ரிசோர்ட்டுகளில் கடை உதவியாளர் வேலைக்குப் போக யோசிக்கும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். பெற்றோரும் வாசிக்கலாம். நான் இந்த வழியால் போனபோது எதை முதலில் செய்வது, எதைக் கேட்பது என்று சொல்ல ஆள் இருக்கவில்லை. ஒரு கடதாசிக்காகப் பிரதேச செயலகத்துக்கும் ஹோட்டலுக்கும் இடையில் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இப்போது பல ரிசோர்ட்டுகள் ஏதாவது ஒரு கருவை வைத்தே கட்டப்படுகின்றன. கந்தப்பொலவில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றையே ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். ஹபரணை, சீகிரியாப் பக்கம் வயலும் குளமும் ஓலைக்கூரையுமாகக் கிராமம் போல அமைத்த இடங்கள் உண்டு. அங்கே கடையும் அந்தக் கருவோடு சேர்ந்தது. நீங்கள் போடும் உடுப்பு, சொல்லும் வணக்கம், பொருளைப் பற்றிச் சொல்லும் கதை எல்லாம் அதற்கு ஏற்றபடி இருக்கும். நகரத்துச் சுப்பர் மார்க்கெட் வேலைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

1. கடை யாருடையது என்று முதலில் கேளுங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியம். ரிசோர்ட்டுக்குள் இருக்கும் கடை ரிசோர்ட்டுக்கே சொந்தமானது என்று நினைத்துத்தான் பெரும்பாலானோர் போகிறார்கள். உண்மையில் சில கடைகளை ஹோட்டலே நடத்தும். சிலவற்றை, குறிப்பாக நகை, இரத்தினக்கல், பத்திக் (batik) துணிக் கடைகளை, வெளியார் வாடகைக்கு எடுத்து நடத்துவார்கள். இன்னும் சில, பல ஹோட்டல்களில் கிளை வைத்திருக்கும் ஒரு கொம்பனியுடையவை. வாசலில் நிற்கும் விருந்தினருக்கு வித்தியாசம் தெரியாது. உங்கள் சம்பளத்தில் தெரியும்.

ஹோட்டல் பில்லில் 10 வீதம் சேர்விஸ் சார்ஜ் சேர்ப்பார்கள். அது ஹோட்டல் ஊழியருக்குப் பங்கிடப்படும். விருந்தினர் நிறைந்த மாதத்தில் அந்தப் பங்கு அடிப்படைச் சம்பளத்தோடு போட்டி போடும். வாடகைக் கடையின் ஊழியர் பொதுவாக அந்தப் பட்டியலில் இருக்கமாட்டார். ஊழியர் சாப்பாட்டறை, தங்குமிடம், ஊருக்கு விடும் வாகனம் ஆகியவையும் இப்படித்தான்.

ஆகவே தொலைபேசியில் கதைக்கும்போதே இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "நியமனக் கடிதம் யாருடைய பெயரில் வரும்?" ஹோட்டல் பெயர் என்றால் சரி. வேறு பெயர் என்றால் தங்குமிடம் யார் தருவது, மூன்று நேரச் சாப்பாடு உண்டா, விற்பனைக்குக் கமிஷன் எவ்வளவு, ஊழியர் சேமலாப நிதி (EPF) கட்டுவார்களா என்று தொடர்ந்து கேட்க வேண்டும். வாடகைக் கடை கூடாது என்று சொல்லவில்லை. இரத்தினக்கல் கடையில் கமிஷனால் நன்றாகச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் வேலை என்றால் ஹோட்டலே நடத்தும் கடைக்குப் போங்கள் என்பதுதான் என் கருத்து. தொழில் பழகலாம், பிறகு வரவேற்பு மேசைப் பக்கம் மாறவும் வழி இருக்கும்.

வேலை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்கும் இடைத்தரகரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். ஹோட்டலின் ஆளணிப் பிரிவுக்கு நேரே அழைத்து, அந்த வெற்றிடம் உண்மையா என்று கேட்டால் போதும்.

2. எந்த மாதத்தில் விண்ணப்பிப்பது

கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ மே முதல் செப்ரெம்பர் வரை. எனவே நிலாவெளி, பாசிக்குடா ஹோட்டல்கள் அதற்கு முன்பே ஆள் தேடும். மாசி, பங்குனி நல்ல காலம். ஹபரணை, சீகிரியாப் பக்கம் டிசெம்பர் தொடக்கம் மார்ச் வரையும், பிறகு ஜூலை, ஓகஸ்டிலும் கூட்டம் இருக்கும். அங்கே ஐப்பசி, கார்த்திகையில் கேட்டுப் பாருங்கள்.

கிழக்குக் கரை வேலையில் ஒரு பொறி உண்டு. பருவம் முடிந்ததும் ஆளைக் குறைப்பார்கள். நிரந்தர வேலையா, பருவ வேலையா என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

3. கடதாசிகள்: எதை முதலில் எடுப்பது

வேலை கிடைத்த பிறகு ஓடலாம் என்று இருந்தால், ஹோட்டல் உங்களுக்காகக் காத்திராது. விண்ணப்பிக்க ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

*பிறப்புச் சான்றிதழ்.* 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களில் இன்றும் மூலப் பிரதி இல்லாதவர்கள் பலர். பயப்பட வேண்டாம். பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளையில் சான்றுபடுத்திய பிரதி எடுக்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுருக்கமாக முடியும். தெரியாவிட்டால் தேடுவதற்கு வேறு கட்டணமும் கூடுதல் நாட்களும் ஆகும். வீட்டில் பழைய போட்டோக்கொப்பி ஏதாவது இருந்தால் கொண்டுபோங்கள், இலக்கம் அதில் இருக்கும். எடுக்கும்போது இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

*தேசிய அடையாள அட்டை.* தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாடு, கிராம அலுவலர், பிரதேச செயலகம் என்ற வரிசையில் போக வேண்டும். சாதாரண சேவைக்கு நாள் எடுக்கும். அவசரம் என்றால் ஒரு நாள் சேவை உண்டு, அதற்குக் கட்டணம் கூட. பத்தரமுல்லைத் தலைமை அலுவலகம் வரை போக வேண்டுமா, வேறு எங்கே கிடைக்கும் என்பதைப் புறப்படுமுன் 1919க்கு அழைத்துக் கேளுங்கள். அங்கே தமிழிலும் பதில் சொல்வார்கள்.

*பரீட்சைச் சான்றிதழ்.* பெறுபேற்றுத் தாளை இணையத்தில் எடுத்த அச்சு பல இடங்களில் நேர்முகத்துக்குப் போதும், சேரும்போது மூலச் சான்றிதழ் கேட்பார்கள். தொலைத்தவர்கள் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்துப் புதிதாகப் பெறலாம். பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் அதிபரிடம் வாங்கி வையுங்கள்.

*கிராம அலுவலர் சான்றிதழ்.* விதானையார் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார். கூட்டம், களவேலை என்று போயிருப்பார். எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுவிட்டுப் போங்கள். அவர் தந்த வதிவிட, நற்சான்றிதழைப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு நேரே ஹோட்டலுக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள். சான்றிதழ் பழையதாக இருந்தாலும் ஏற்கமாட்டார்கள், ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக வைத்திருங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எந்தப் பிரிவில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இடம்பெயர்ந்து, பிறகு மீள்குடியேறிய குடும்பங்களில் பெயர் ஒரு பிரிவிலும் வீடு இன்னொரு பிரிவிலும் கிடந்தால், இங்கேதான் இழுபடும்.

*பொலிஸ் அறிக்கை.* உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் கேட்க வேண்டும். வேலை தரும் இடத்தின் கடிதத்தைக் காட்டச் சொல்லும் நிலையங்கள் உண்டு. எனவே நேர்முகம் முடிந்த கையோடு ஹோட்டலில் ஒரு கடிதம் கேட்டு வாங்கி வாருங்கள். தமிழில் கதைக்கும் அலுவலர் இருக்கும் நேரத்தைக் கேட்டுப் போனால் சுகம்.

*மொழிபெயர்ப்பு.* நம்முடைய பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். தெற்கில் உள்ள ஆளணிப் பிரிவில் அதை வாசிக்க ஆள் இல்லாமல் போகலாம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுங்கள். கட்டணம் பக்கக் கணக்கில் வரும், கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றிலும் நாலைந்து போட்டோக்கொப்பி, ஒரு டசின் கடவுச்சீட்டு அளவுப் படம், ஒரு நல்ல பைல். மூலப் பிரதியை யாருக்கும் கொடுத்துவிட்டு வராதீர்கள். "வைத்துக்கொள்கிறோம்" என்று கேட்டால் பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

4. பெயரின் ஆங்கில எழுத்துகள்

இதைத் தனித் தலைப்பாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயர்தான் முன்னால் வரும். ஹோட்டல் படிவத்தில் "கடைசிப் பெயர்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். எழுதுவதைப் பொறுத்து, சட்டையில் குத்தும் பெயர்ப்பட்டியில் தகப்பனின் பெயர் வந்து நிற்கும். அதை மாற்றிக் கேட்கலாம். ஆனால் சேமலாப நிதிப் பதிவிலும் வங்கிப் புத்தகத்திலும் வேறு வேறாக இருந்தால், பின்னொரு நாள் காசை எடுக்கும்போது பெரிய கரைச்சல்.

அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துகளை அப்படியே ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். எந்தப் படிவத்திலும் அதைப் பார்த்தே நிரப்புங்கள். ஏற்கனவே சான்றிதழ்களில் பெயர் மாறிக் கிடந்தால், சமாதான நீதவான் முன்னால் "இரண்டு பெயரும் ஒரே ஆள்தான்" என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். அதுவும் ஒரு நாள் வேலைதான்.

5. நேர்முகம்

கடை வேலைக்குக் கேட்பது பெரும்பாலும் மூன்று: ஆங்கிலத்தில் உங்களை அறிமுகப்படுத்துங்கள், விருந்தினர் கோபப்பட்டால் என்ன செய்வீர்கள், சிங்களம் தெரியுமா. கடைசிக் கேள்விக்குப் பொய் சொல்ல வேண்டாம். "கொஞ்சம் விளங்கும், பழகுகிறேன்" என்று சொன்னால் போதும். அதற்காக ஒரு மாதம் முன்பே பத்தாயிரம் வரை எண்களைச் சிங்களத்தில் பாடமாக்குங்கள். கடையில் உடன் வேலை செய்பவர்கள் விலையும் மிச்சமும் சிங்களத்தில்தான் சொல்வார்கள்.

உங்கள் தமிழை ஒரு தகைமையாகச் சொல்லுங்கள். கடந்த சில ஆண்டுகளாக இலங்கைக்கு மிக அதிகமாக வரும் சுற்றுலாப் பயணிகள் இந்தியர்கள். தமிழ்நாடு, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருபவர்களும் வெளிநாட்டில் வாழும் நம்மவர்களும் தமிழில் பதில் சொல்லும் ஆளைக் கண்டால் கடையில் நின்று கதைப்பார்கள், வாங்குவார்கள். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நேர்முகத்தில் தலை குனியாமல் சொல்லுங்கள்.

தோற்ற விதிகளையும் அங்கேயே கேளுங்கள். தாடி, மூக்குத்தி, கையில் கட்டிய நூல், திருநீறு, பொட்டு என்று ஒவ்வொரு ஹோட்டலுக்கும் ஒவ்வொரு விதி. ஆலயக் கயிற்றை அறுக்கச் சொன்னால் மனம் தாங்காது என்றால், அதைச் சேரும் முன்பே கதைத்து முடிப்பது நல்லது. பல இடங்களில் சின்ன மூக்குத்திக்கும் பொட்டுக்கும் தடை இல்லை.

6. நியமனக் கடிதம் கையில் வரும் முன் ஊரை விட்டுப் போகாதீர்கள்

"வாங்கோ, கடிதம் பிறகு தருகிறோம்" என்பார்கள். கடைக்கும் அலுவலகத்துக்குமான சட்டப்படி எழுத்து மூல நியமனம் உங்கள் உரிமை. வட்ஸ்அப்பில் படமாகவாவது அனுப்பச் சொல்லுங்கள். அதில் பார்க்க வேண்டியவை:

அடிப்படைச் சம்பளம். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. சேர்விஸ் சார்ஜையும் கூட்டி "இவ்வளவு வரும்" என்று ஒரே தொகையாகச் சொன்னால், அடிப்படை எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

வேலை நேரம். கடை ஊழியருக்கு நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு. ரிசோர்ட் கடைகளில் காலையில் சில மணி, நடுவில் இடைவெளி, மாலையில் சில மணி என்று பிரித்துப் போடும் வழக்கம் உண்டு. அந்த இடைவெளியில் எங்கே இருப்பது என்று கேளுங்கள்.

சேமலாப நிதி. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) முதலாளி தனியாக 3 வீதம் கட்ட வேண்டும், அது உங்களிடம் கழிக்கப்படாது. "பயிற்சிக்காலம் முடிந்த பிறகுதான் கட்டுவோம்" என்று சொல்வது பொய். தற்காலிக ஊழியருக்கும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும்.

சீருடைக்கும் தங்குமிடத்துக்கும் கழிவு உண்டா என்பதும் அந்தக் கடிதத்தில் தெரிய வேண்டும்.

7. புறப்படும்போது கையில் எவ்வளவு

சம்பளம் மாத முடிவில். மாத நடுவில் சேர்ந்தால், கணக்கு முடிக்கும் திகதி தாண்டிவிட்டால், அந்த நாட்களின் சம்பளம் அடுத்த மாதத்தோடுதான் வரும். சேர்விஸ் சார்ஜ் பெரும்பாலும் இன்னும் ஒரு மாதம் பிந்தும். தங்குமிடமும் சாப்பாடும் தந்தாலும் முப்பதாயிரம் ரூபாவாவது கையில் வைத்துக்கொண்டு போங்கள். நாள் முழுக்க நிற்கும் வேலை, எனவே கறுப்புச் சப்பாத்தில் மட்டும் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். சவர்க்காரம், போர்வை, நுளம்பு வலை, பூட்டு ஒன்று. ஊழியர் விடுதியில் அலுமாரி தருவார்கள், பூட்டுத் தரமாட்டார்கள்.

பாதை: ஏ9இல் யாழ்ப்பாணம்–கண்டி பஸ் கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா தாண்டித் தம்புள்ளைக்குப் போகும். முல்லைத்தீவுப் பிள்ளைகள் மாங்குளத்துக்கோ பரந்தனுக்கோ வந்து ஏறலாம், மன்னாரிலிருந்து வருபவர்கள் வவுனியாவுக்கோ மதவாச்சிக்கோ வரலாம். பகலில் போய்ச் சேரும்படி புறப்படுங்கள். ஹபரணைப் பக்கம் இருட்டிய பிறகு வீதியில் யானை நிற்கும். விடுதிக்கு நடந்து போக யாரும் சொன்னாலும் நடக்காதீர்கள், வாகனம் கேளுங்கள்.

8. கடைக்குள் முதல் நாட்கள்

பில் மெசினை ஒரு கிழமையில் பழகிவிடலாம். பிரச்சினை வருவது வேறு இடங்களில்.

அறைக் கணக்கு: விருந்தினர் காசு தராமல் "அறையில் போடுங்கள்" என்பார். அறை இலக்கத்தை மட்டும் நம்பக்கூடாது. பெயரைக் கேட்டு விருந்தினர் பட்டியலோடு ஒப்பிட்டு, பில்லில் கையெழுத்து வாங்க வேண்டும். அடுத்த நாள் விடியப் புறப்படுபவராக இருந்தால் வரவேற்பு மேசைக்கு உடனே சொல்லுங்கள். அவர் கணக்கை முடித்துப் போய்விட்டால் அந்தத் தொகை உங்கள் தலையில் வந்து நிற்கும். கையில் பட்டி கட்டிய, எல்லாம் அடங்கிய (all inclusive) கட்டணத்தில் வந்தவர்கள் கடைப் பொருளும் அதில் அடங்கும் என்று நினைப்பார்கள். பொதி செய்யும் முன் விலையைப் பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

காசுப்பெட்டி: வேலை தொடங்கும்போது முதல் காசை உங்கள் கையால் எண்ணி, முன்னிருந்தவரோடு சேர்ந்து கையெழுத்திடுங்கள். கூட்டமாக இருக்கிறது, பிறகு எண்ணலாம் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள்.

டொலர்: வெளிநாட்டுக் காசை நீங்கள் சொந்தமாக மாற்றிக் கொடுக்கக் கூடாது. நாணயம் மாற்ற மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். வரவேற்பு மேசைக்கு அனுப்புங்கள். நல்ல விலை தருகிறேன் என்று உடன் வேலை செய்பவர் கேட்டாலும் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

பொருள் அறிவு: இதில்தான் வன்னிப் பிள்ளை முன்னுக்கு வர முடியும். பனையோலைப் பெட்டி, தொப்பி, கூடை இல்லாத நினைவுப்பொருள் கடை குறைவு. ஓலை எப்படி வார்வது, சாயம் எப்படிப் போடுவது என்று அம்மம்மா கையைப் பார்த்து வளர்ந்தவர் சொல்லும் கதைக்கும், அட்டையைப் பார்த்து வாசிப்பவர் சொல்வதற்கும் விருந்தினர் வித்தியாசம் காண்பார். தேயிலைப் பெட்டியில் சிங்க இலச்சினை இருந்தால் அது இலங்கையிலேயே பொதி செய்த தூய இலங்கைத் தேயிலை. இலங்கைக் கறுவா மெல்லிய பட்டைகள் பல சேர்ந்த சுருளாக இருக்கும், கசியா என்ற வேறு வகைப் பட்டை தடித்த ஒற்றைப் பட்டை. இந்த இரண்டையும் நாளுக்குப் பலமுறை கேட்பார்கள்.

எதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பவளப்பாறை, ஆமை ஓடு, யானைத் தந்தம் சட்டவிரோதம். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளுக்கு அனுமதி வேண்டும். புத்தர் சிலைகளைக் கீழ்த் தட்டில் வைக்காதீர்கள், அதற்கு முதுகு காட்டிப் படம் எடுக்கும் விருந்தினருக்கு மெதுவாகச் சொல்லுங்கள். உடன் வேலை செய்பவர்கள் மனம் நோகாமல் இருக்க இது பெரிதும் உதவும்.

9. முதல் சம்பளச் சீட்டும் லீவும்

சீட்டு கிடைத்ததும் படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள். அடிப்படை, மேலதிக நேரம், சேர்விஸ் சார்ஜ், சேமலாப நிதி 8 வீதம், உறுப்பினர் இலக்கம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இலக்கம் இல்லாவிட்டால் ஆளணிப் பிரிவில் கேளுங்கள். காசுப்பெட்டிக் குறைவு என்று ஏதும் கழித்திருந்தால் எந்த நாள், எந்தப் பில் என்று எழுத்தில் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டும் பதில் வராவிட்டால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.

தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் சட்டப்படி சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலை வாங்கினால் பதில் லீவோ இரட்டைச் சம்பளமோ தர வேண்டும். தீபாவளி அந்தப் பட்டியலில் இல்லை. எனவே தீபாவளிக்கும் ஊர்க் கோயில் திருவிழாவுக்கும் வீட்டுக்கு வர வேண்டுமென்றால், ரோஸ்டர் (வேலை நாள் பட்டியல்) போடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். வற்றாப்பளைப் பொங்கல் வைகாசியில், மடுப் பெருவிழா ஓகஸ்ட் 15ஆம் திகதி. ஓகஸ்ட் கூட்டத்தில் லீவு கிடைப்பது கடினம், அதனால் இரண்டு மாதம் முன்பே கேட்டு, மேலாளரின் கையெழுத்தோடு ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.